வசூல்

ஐந்து லிட்டர் கேன்.
அடியில் கொஞ்சம் அமிலம்,
"கையில படாம பாத்துக்குங்கண்ணே" என்றாள் பெனசிர்.
முதல் நாள் காலை ஆறு மணிக்கு வருவது கணக்கில் இல்லை.
மறுநாள் ஆறு மணிக்கு வருவது கணக்கில் உண்டு.
எனக்கு இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.
எடுத்த எண், முடித்த எண்.
இருபத்திரண்டு வருடமாக
அயனாவரம் டிப்போவில் அதைத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

சிறுகுடலில் இரண்டு முழம் வெட்டி எடுத்த பிறகு
கல் வந்தது. போனது.
மறுபடி வந்தபோது
பனகல் பார்க் நிறுத்தத்தில் விசிலைக் கடித்துக்கொண்டு
படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.
தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்பார்கள்.
பெசன்ட் நகர் முனையில் கழிப்பறை பூட்டிக் கிடக்கும்.
சாவி யாரிடம் என்று கேட்டால்
இன்னொருவரைக் கை காட்டுவார்கள்.
என் பாட்டில் தண்ணீரை
டிரைவர் ஏசுபாதத்தின் சீட்டுக்குப் பின்னால்
வெயில்தான் குடித்தது.

மாத்திரை வெளிர் மஞ்சள்.
சோற்றோடு விழுங்கினால்
ஆக்சலேட் என்கிற அந்த உப்பை
இரைப்பையிலேயே உடைத்துப் போடும் நொதி,
குடல் அதை உறிஞ்சுவதற்குள்.
அல்லது வெறும் மாவு.
எனக்குத் தெரியாது. பெனசிருக்கும் தெரியாது.
டாக்டருக்கும் தெரியாதாம்,
அதை அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

தினம் அரைக் கட்டு பசலை சாப்பிட வேண்டும் என்றது அட்டவணை.
குணவதிக்குக் கோபம்.
"ஆகாதுன்னு எழுதிக் குடுத்ததும் இதே ஆஸ்பத்திரிதான?"
ஆறு வருடம் கழித்துப் பருப்பில் பச்சை.
மூன்றாம் முறை கேட்டு வாங்கினேன்.
கேன் ஃபிரிட்ஜில், கறுப்புக் கவருக்குள்,
தோசை மாவிலிருந்து ஒரு தட்டு கீழே.
அவள் கேட்டது அது ஒன்றுதான்.

டூட்டிக்கும் கொண்டுபோனேன்.
என் சீட்டடியில் மஞ்சப்பையில், ஐஸ் கட்டி சுற்றி.
மதியம் முனையில் பஸ் நின்றது.
இறங்கி, பழக்கத்தில்,
மதிலோரம்.
பாதியில் நினைவு வந்தது.
பாதியில் நிற்குமா அது.

வசூலில் குறைந்தால்
கைக்காசைப் போட்டு நிரப்பியிருக்கிறேன்,
ஒருமுறை நூற்றிப் பதினெட்டு ரூபாய்.
பாட்டிலில் தண்ணீர் இருந்தது.
நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான், யார் பார்க்கப் போகிறார்கள்.
மூடியைத் திறந்தேன்.
மூடினேன்.

"எவ்ளோ இருக்கும்ணே?"
"ஒரு டம்ளர்."
போனில் அவள் ஏதோ அடிக்கும் சத்தம்.
"இத கொட்டிடுங்க. புதுக் கேன் தரேன், நாளைக்கு முதல்லேந்து."
பிறகு, வைக்கப்போகும் நேரத்தில்,
"போன வாரம் ஒருத்தர் தண்ணி ஊத்திட்டாரு.
தெரிஞ்சிடும்ணே எங்களுக்கு."

மறுநாள் லீவு போட்டு வீட்டில் இருந்தேன்.
வேறு வேலை இல்லாமல்
தண்ணீர் குடித்து, வாங்கி, மூடினேன்.
இவ்வளவு வருடம் இதில் பாதிகூட
என்னிடமிருந்து போயிருக்காது.

காலையில் மஃப்டியில், கேனோடு, கீழ்ப்பாக்கம் பஸ்.
கண்டக்டர் புதுப் பையன். என்னைத் தெரியவில்லை.
பையை முழங்காலால் தட்டிப் பார்த்தான்.
"என்னாது, பதனியா?"
"இல்ல."
"லக்கேஜ் போடணும்."
போடு, என்றேன்.
சரியான சில்லறையாக எடுத்துக் கொடுத்தேன்.