நான்காவது ஐம்பது

நாலாம் பாதைக்கு நேரம் குறிப்பவள் நான்.
கழுத்தில் ஸ்டாப்வாட்ச், காலில் ரப்பர் செருப்பு.
விடியுமுன்னே பனி வாரும் லாரியில்
ஏரிக்கரைச் சாலையைப் பதினெட்டு மைல் வழித்துவிட்டு
சீருடையோடே வந்திருக்கிறேன்.
வெளியே மிச்சிகனின் ஜனவரி.
உள்ளே வியர்க்கிறது, குளோரின் கண்ணைக் கடிக்கிறது.

எங்கள் அணியில் பெண்கள் முப்பத்தொரு பேர்.
ஒருத்தி பின்னலை இன்னொருத்தி முடிய,
ஒரே டப்பா நூடுல்ஸில் நாலு முள்கரண்டி.
பெஞ்சின் கடைசியில், ஒரே துண்டின் மேல்,
பையன்கள் மூன்று பேர்.

போன வருஷம் ஒன்பது.
லீஃப் ஹாக்கிக்குப் போனான். கான்ராடும்.
அண்ணன் போனதால் தம்பி ரோலண்டும்.
வாரனை அவனைவிட உயரமான ஒரு பெண்
இரண்டு வினாடியில் முந்திய அன்று
அவன் அப்பா மேலே உட்கார்ந்து
போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரம் அவன் வரவில்லை.
தியோ காரணம் சொல்லவில்லை, தோளைக் குலுக்கினான்.
அந்தச் சின்ன நிக்கரில் அவன் நிற்கும் படம்
பள்ளிப் பேருந்தில் கைமாறிக் கைமாறிப் போனதை
என் மகள் கைசா சொல்லித்தான் தெரியும்.
ஆறாமவன் பெயர்
இப்போது நினைவுக்கு வர மறுக்கிறது.

"பையன்கள், மெட்லி ரிலே."
கோச் மார்கிட் நடுவரிடம் போய் ஏதோ பேசினாள்.
அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், மூடினார்.
நீந்தட்டும், கணக்கில் வராது என்றார்.

முதுகு நீச்சல் ஆஸ்மோ,
கூரையின் கம்பிகளை எண்ணிக்கொண்டே போகிறவன்.
மார்பு நீச்சல் எய்னோ, என் மகன்,
இந்த மாதம் குரல் உடைந்து
வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டவன்.
பிறகு சைலஸ், வண்ணத்துப்பூச்சி,
வண்ணத்துப்பூச்சி எங்கே,
நனைந்த கம்பளிக் கோட்டைக் கழற்றப் போராடுகிற மாதிரி
மூச்சுக்கு மூச்சு எழுந்து விழுந்து
சுவரைத் தொட்டான்.

தொட்டதும் தலை தூக்கி மேலே பார்த்தான், பழக்கம்.
மேடையில் யாரும் இல்லை.

பெண்கள் ஓரத்துக்கு வந்திருந்தார்கள்.
ஒருத்தி "போ! போ!" என்று ஆரம்பித்து
பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.
ஐந்தாம் பாதையில் அடுத்த ஊர்ப் பையன்
நுரை கிளப்பிக்கொண்டு போனான்.
எங்கள் பாதையில்
சைலஸின் அலை தூரச் சுவரை முட்டித் திரும்பியது,
இளைத்தது, மறுபடி போகவில்லை.
அடியில் நெளிந்துகொண்டிருந்த கறுப்புக் கோடு
மெல்ல நேராகியது.

கட்டைவிரல் பொத்தான் மேல்.
எண்கள் ஓடின.
எப்போது நிறுத்துவது என்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
பக்கத்துப் பாதைக்காரர் முழங்கையைத் தொட்டார்,
"முடிஞ்சுதும்மா."
தாளில் மூன்று கட்டங்களை நிரப்பிக் கொடுத்தேன்.

"என்னோடது எவ்வளவு?"
"நாற்பத்திரண்டு புள்ளி ஆறு."
"போன தடவை நாற்பத்தி நாலு."
"தெரியும்டா."

வண்டி நிறுத்துமிடத்தில் கைசா
கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டே நடந்தாள்.
போட்டி எண், பாதை எண்,
முன்கையில் கறுப்பு மார்க்கரில் எழுதியவை.
புதன்கிழமைவரை அழியவிடமாட்டாள்,
வகுப்பில் அந்தக் கையைத்தான் தூக்குவாள்.
எய்னோ குனிந்து ஒரு பிடி பனி அள்ளி
தன் எண்களைத் தேய்த்தான்.
தோல் சிவந்தது, மை அப்படியே இருந்தது.
இன்னொரு பிடி.

காரில் ஹீட்டர் சூடாகும்வரை யாரும் பேசவில்லை.
பிறகு, பாதி ஆண்குரலில், பாதி கீச்சில்:
"இன்னிக்கு சனிக்கிழமைதானே,
திங்களுக்குள்ள போயிடும்ல?"

போயிடும் என்றேன்.