இருபத்து நான்கு சென்டிமீட்டர்

ஹீயுமா தீவுக்குப் போகும் பனிச்சாலையில்
கரைப்பக்கக் கதவு என் பொறுப்பு.
கடல் அனுமதிக்கும் நாட்களில் மட்டும்
எனக்கு உத்தியோகம்.
போன வருஷம் பதினோரு நாள்.
அதற்கு முந்தைய இரண்டு வருஷமும்
ஒன்றுமில்லை.

விடியுமுன் துளைபோட்டு அளப்பேன்.
இருபத்து நான்கு சென்டிமீட்டர் என்றால் கதவைத் திற.
இருபத்து மூன்று என்றால் தேநீர் போடு.

வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே பல்லவி:
சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள்.
நடுவில் நிறுத்தாதீர்கள்.
இருபத்தைந்துக்குக் கீழே போகலாம்,
நாற்பதுக்கு மேலே போகலாம்,
இரண்டுக்கும் இடைப்பட்ட வேகம் மட்டும் வேண்டாம்.
அதில்தான் பனிக்கு அடியில் அலை எழும்பி
உங்களோடு கூடவே ஓடிவரும்.

கேட்டதும் சிரிப்பார்கள்.
ஊர்வே லெப்மெட்ஸ் சிரிக்கவில்லை.
"அந்த வேகத்தில்தான்
பதினேழு வருஷமாய் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்றாள்.

பழைய நீலக் கார்.
பின்சீட்டில் இஸ்திரி போட்ட சட்டையொன்று
கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது.
ஹாப்சாலு வரி அலுவலகம், மூன்றாம் மாடி,
ரேடியேட்டரை ஒட்டிய மேசை.
இந்தக் காலாண்டு முடியட்டும், இந்தக் காலாண்டு முடியட்டும் என்றே
அறுபத்தெட்டுக் காலாண்டுகளை முடித்துவிட்டாளாம்.

மூன்று மணிக்கு நேர்முகம்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்:
தீவின் பள்ளிப் பேருந்துக்கு ஓட்டுநர் தேவை.
சம்பளம் பாதி. ஐந்து மணிக்கு எழ வேண்டும்.
டாலினில் இருக்கும் அக்கா
"உனக்கென்ன பைத்தியமா" என்று கேட்டுவிட்டு
அதே மூச்சில்
திரைச்சீலை விலையைப் பேசத் தொடங்கிவிட்டாளாம்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்
என்று சொல்லலாமென்று பார்த்தேன்.
இங்கே காற்று அடித்தால் சாலையை மூடிவிடுவோம்.
சும்மா இருந்தேன்.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபடி கேட்டாள்:
"பனி பிடிக்காத வருஷங்களில் என்ன செய்வீர்கள்?"

"காத்திருப்பேன்."

அந்தச் சொல் வாயைவிட்டு வெளியே வந்து
குளிரில் வெண்புகையாய் நின்றது.
கரையும்வரை இருவரும் அதைப் பார்த்தோம்.

பிறகு போனாள்.
வழிகாட்டி நட்ட ஜூனிபர் கிளைகளுக்கு நடுவே
கார் ஒரு பொத்தானளவு ஆனது,
பின் ஒரு நீலப் புள்ளி,
பின் வெறும் வெள்ளை.

பொழுது சாய்வதற்குப் பத்து நிமிஷம் முன்னால் திரும்பினாள்.
கண்ணாடியை இறக்கினாள்.
வேலை கிடைத்ததா?
"வெள்ளிக்கிழமைதான் சொல்வார்களாம்.
ஆனால் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள்.
முப்பத்திரண்டு சீட்டும் காலி.
தேவாலய வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது,
அதற்கு ஹாரன் அடித்தேன்.
இருபது நிமிஷம்!"
இருபது நிமிஷத்தையும்
இரண்டு கையாலும் அகட்டிக் காட்டினாள்,
பிடித்த மீனின் நீளம் சொல்வதுபோல.

'திரும்பிய நேரம்' என்ற கட்டத்தில் எழுதினேன்: 4.52.
அவள் போன பிறகும்
அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் பெயர் அந்தப் பதிவேட்டில்
எந்தப் பக்கத்திலும் இல்லை.
கதவைக் காப்பவன் கடப்பதில்லை.
அப்படி விதியொன்றும் கிடையாது,
தேடிப் பார்த்தேன்.

இரவெல்லாம் தென்காற்று.
காலையில் துளைபோட்டேன்: இருபத்து மூன்று.
அவளுக்கென்ன, படகு இருக்கிறது,
வெள்ளிக்கிழமைக்கு நாளும் இருக்கிறது.

கதவைப் பூட்டினேன்.
தேநீர் போடவில்லை.
வேனை எடுத்துக்கொண்டு
கடலுக்கு முதுகு காட்டிப் புறப்பட்டேன்,
கெட்டியான தார்ச்சாலைதான்,
என்றாலும்
நாற்பதைத் தாண்டும்வரை
முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.