தகரப் பட்டியல்

ராணுவம் போன ஏழாவது வாரம்
திருச்சபைக் கவுன்சிலின் லாரி வந்தது.
தகரம் எண்பது. ஆணி இரண்டு மூட்டை.
வேதாகமம் கேட்கவில்லை; அதுவும் ஒரு பெட்டி இருந்தது.

பட்டியல் எழுத என்னை உட்கார வைத்தார் போதகர் நதாங்வே,
ஞானஸ்நானப் பதிவேட்டின் பின்பக்கத்தில்.
ஓவாம்போ நாட்டில் அன்று வேறு தாள் ஏது?
முன்பக்கம் புரட்டினால்
பெயர்களுக்கு எதிரே என் பென்சில் எழுத்து:
வடக்கே போனான். வடக்கே போனாள்.
சில வரிகளைத்தான் அழிக்க முடிந்தது.

கவசவண்டி ஏறி நசுக்கிய கம்பங்கொல்லையில்
வரிசை வளைந்து நின்றது.
ஷிகோம்பாவின் முறை வந்ததும் பேச்சு அடங்கியது.
அவர்கள் சீருடையைப் போட்டவன்,
மணலில் தடம் பார்த்துச் சொன்னவன்.
"இவனுக்குமா?"
போதகர் பிரசங்கம் செய்யவில்லை.
"வீட்டில் பிள்ளைகள் எத்தனை?" என்றார்.
ஐந்து.
எழுதினேன். பென்சில் முனை முறிந்தது.

மதியம் காற்று கிளம்பியது.
தகரம் தனியாளுக்கு அடங்காது;
தோளில் ஏற்றினால் பறக்கப் பார்க்கும்,
கழுத்தை அறுக்கும்.
ஷிகோம்பா அதோடு சுழன்றுகொண்டிருந்தான்.
லாஹ்யா எழுந்து போனாள்,
நான் அழிக்காத ஒரு வரியின் தாய்.
மறுமுனையைப் பிடித்தாள்.
மக்கலானிப் பனைகள் வரை நடந்தார்கள்,
நடுவே எட்டடி வெயில் பளபளக்க,
ஒரு சொல் இல்லாமல்.

திரும்பி வந்தவள் என் தாளை எட்டிப் பார்த்தாள்.
"மன்னித்தேன் என்று எழுதிவிடாதே.
காற்று அடித்தது, அவ்வளவுதான்."
பிறகு தன் பங்கு ஆணிகளை
மடியில் கொட்டி எண்ணத் தொடங்கினாள்.
இரண்டு குறைந்தன.