வெளிச்சப் பெட்டி

திருப்பூரில், வீரபாண்டிப் பிரிவுக்குப் பக்கம்
ஒரு சாயப்பட்டறை லேபில்
பதினோரு வருஷமாக நிறம் பார்க்கிறேன்.
சாம்பல் பெயின்ட் அடித்த பெட்டிக்குள்
பையர் அனுப்பிய துணியையும்
நாங்கள் நனைத்த துணியையும் ஒட்டி வைத்து
பகல் விளக்கு, கடை விளக்கு, வீட்டு விளக்கு என்று
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்ப்பேன்.
ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளைகள்,
அடுத்த விளக்கில் பங்காளிகள்.
இதுதான் என் சோறு.

ஆவணியில் மணிக்கட்டில் தொடங்கியது.
முதலில் மெடிக்கல் ஷாப் ட்யூப்.
பத்து நாள் அடங்கிக் கிடந்து
நிறுத்தியதும் வட்டியோடு வந்தது.
ஷிஃப்ட் பையன் தங்கமுத்து
செல்போனில் ஏதோ ஒரு செயலியைத் திறந்து
படம் பிடித்தான்.
வட்டம் சுற்றிச் சுற்றி யோசித்து
அது சொன்னது:
குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.

ராத்திரி மூன்று மணிக்கு
அந்த ஒன்றுமில்லாததைச்
சீப்பின் பல்லால் சொறிந்துகொண்டிருந்தேன்.

கோயமுத்தூரில் டாக்டர் மெகருன்னிசா
படத்தைக் கேட்கவில்லை.
விரல் நுனியை மணிக்கட்டில் வைத்து
கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டார்.
மிஷின் படிச்சதெல்லாம் பெரும்பாலும்
வெளுத்த தோல் படங்கதானுங்க.
அது செவப்பைத் தேடுது.
உங்க கையில செவப்பு
ஊதாவா இருக்கும், சாம்பலா இருக்கும்,
சில நேரம் வெறும் மினுமினுப்பா ஒளிஞ்சுக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
துணியாக இருந்தால்
விளக்கை மாத்திப் போடுங்க என்றிருப்பேன்.

திங்கட்கிழமை முதுகில்
இருபத்தாறு அலுமினியப் பொட்டுகள்.
அதில் ஒன்பது நான் கொண்டுபோன சாயங்கள்,
நேவி, டர்க்காய்ஸ், கறுப்பில் மட்டும் மூன்று.
குளிக்கக் கூடாது. வேர்க்கக் கூடாது.
பங்குனி மாசம், திருப்பூரில், வேர்க்கக் கூடாதாம்!
ஸ்டென்டர் பக்கமே போகாமல்
லேபின் ஒற்றை ஏசிக்கு அடியில்
முதுகை ஒரு சேம்பிள் அட்டைபோலச்
சுமந்து திரிந்தேன்.
மாரியம்மனுக்குக் கம்பம் நட்ட வாரம் அது.
தண்ணி ஊத்த வரலீங்களா என்றாள்
பக்கத்து லைன் வீட்டு ருக்குமணி.
குளிக்காமல் எப்படிப் போக?
போகட்டும்.
தோலைப் பற்றி அவளுக்குத் தெரியாததா.

புதனன்று பிரித்தார்கள். பேனாக் கோடுகள் மிச்சம்.
வெள்ளியன்று மறுபடி படுத்தேன்.
விரல் வரிசையாய் நடந்தது.
நேவி, சும்மா.
டர்க்காய்ஸ், சும்மா.
நான் சத்தியம் பண்ணியிருந்த
கறுப்பு மூன்றும் பரம சாதுக்கள்.
இருபத்துமூன்றில் விரல் நின்றது,
கொஞ்சம் பின்னால் போய்
மறுபடி வந்து நின்றது.
ரப்பர் சீக்கிரம் இறுக
அதில் சேர்க்கிற ஒரு பொடியாம்.

கையுறை போடுவீங்களா?

போடுவேன்.
சாயம் படக்கூடாதென்று கம்பெனி கொடுத்தது.
அரிப்பு வந்த பிறகு
இரண்டாக மாட்டிக்கொண்டேன்.

ஏழு மாசம் நேவியைத் திட்டியிருக்கிறேன்,
வாய்விட்டு, பக்கெட் முன்னால் நின்று.

புறப்படும்போது ஒரு படிவம் நீட்டினார்.
நம்ம பக்கத்துத் தோல்களைப் படமெடுத்து
மிஷினுக்குப் படிக்கக் கொடுக்கும் ஆய்வு.
தோல் நிறம் என்ற இடத்தில் ஆறு கட்டங்கள்.
என்னை ஐந்தில் டிக் அடித்திருந்தார்.
எங்க ரேக்கில் கறுப்புக்கு மட்டும்
நாற்பது அட்டை இருக்குதுங்க, மனுசருக்கு ஆறுதானா?
அவர் பேனாவைக் கடித்தார்.
அதுக்கு இன்னும் பதில் இல்லீங்க.
கையெழுத்துப் போட்டேன்.
ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்லி
ஜன்னலோரம் கையை நீட்டினேன்.
இப்ப எடுங்க.

அந்தப் பொடி போடாத கையுறைக்கு
மேனேஜரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
ஆர்டர் போட்டாயிற்று என்கிறார்.
அதுவரை என் காசில் ஒரு டப்பா.

நேற்று கடைசி லாட் முடிந்ததும்
பெட்டிக்குள் துணிக்குப் பதில்
மணிக்கட்டை வைத்துப் பார்த்தேன்.
வீட்டு விளக்கில் ஒன்றுமே தெரியவில்லை.
கடை விளக்கில் ஆறிவிட்டது.
பகல் விளக்கில்
இன்னும் கொஞ்சம் பாக்கி.