எழுபத்திரண்டு

மருத்துவக் கல்லூரியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து
நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள்
ரஹ்மத் நிஷா என்கிற பெண்.
தொண்ணூற்று மூன்று என்றேன்.
அப்புறம் சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது.
“பரவாயில்லை சார்” என்று எதையோ எழுதிக்கொண்டு
மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிவிட்டாள்.
நடந்தால் எண்ணுமாம்.

முப்பத்தோரு வருஷம்
நாகப்பட்டினம் தஞ்சாவூர் வண்டியில்
ஒரு கணக்கும் நான் உட்கார்ந்து போட்டதில்லை.
கம்பியில் இடுப்பு, விரலிடுக்கில் நோட்டு,
கீவளூர் வளைவில் வண்டி சாயச் சாய
சில்லறை சரியாக விழும்.

விடியலில் கமலாலயக் கரை.
கீழ்க்கரை முடிவதற்குள் எண்பத்தாறு.
தெற்கே திரும்பினேன், எழுபத்தொன்பது
கூப்பிடாமலே ஏறிக்கொண்டது.
அடுத்ததை உரக்கவே சொல்லிவிட்டேன்:
எழுபத்திரண்டு!
எதிரே வந்த பால்காரர் வயதென்று நினைத்து
“தெரியலையே” என்றார்.

நிறுத்தங்களையும் சொல்லிப் பார்க்கிறேன்.
சிக்கல், கீவளூர், திருவாரூர், குளிக்கரை...
கொரடாச்சேரிக்கு முன்னால் ஒன்று
இன்றைக்கும் வரவில்லை.

பட்டையில் நாலாயிரத்துச் சொச்சம்.
வீட்டுக்குத் திரும்புகிற சந்தைத் தாண்டி
இன்னொரு சுற்று போகிறேன்.
பெயர் போன அந்த நிறுத்தத்தில்
யாராவது இந்நேரம்
கைகாட்டிக்கொண்டு நிற்பார்கள்.