எட்டில் ஒரு பங்கு

கிழக்கு ஒழுங்கை. வடக்கு வைரவர் கோயில் காணி.
மேற்கும் தெற்கும் சேதுப்பிள்ளையின் உரித்தாளர்.
இதற்குள் அடங்கிய பதினொரு பரப்பு மூன்று குழி,
ஈச்சங்கலட்டி என்று பேர்,
ஏழாலைச் செம்பாடு.

எனக்கு இது மனப்பாடம்.
மல்லாகம் கோட்டுக்குப் போகிற ஒவ்வொரு தவணையும்
பஸ்ஸுக்குள் நின்றபடி சொல்லிப் பார்ப்பேன்,
தேவாரம் மறந்தவள் நான்.

சின்னையாவிடம் அறுதி உறுதி இருக்கிறது.
அப்பா சுன்னாகத்தில், நொத்தாரிசின் முன்னிலையில்,
பூரண சித்த சுவாதீனத்தோடு
ஒப்பம் வைத்தாராம், ஆவணி பதினாறு.

அந்த ஆவணியில் அப்பா
மல்லாவி ஆசுப்பத்திரித் தாழ்வாரத்தில்
பாயில் கிடந்தார்.
சேலைன் போத்தலை நான்தான் உயர்த்திப் பிடித்திருந்தேன்,
கை உளைந்து, கை மாற்றி, மறுபடி கை மாற்றி.
சுன்னாகம் போக அன்றைக்குப் பாதையே இல்லை.

"சாட்சி?" என்கிறார் அப்புக்காத்து.
பக்கத்துப் பாயில் கிடந்த கிளாலிக்காரர் செத்துப்போனார்.
மருந்து கட்டின பிள்ளையின் பேர் தெரியாது.
என் கையைக் கூண்டில் ஏற்ற முடியுமா?
அடுத்த தவணை ஐப்பசி.

சின்னையா என்னைக் கண்டு முகம் திருப்புவதில்லை.
கோட்டு வாசலில் நின்று
"சாப்பிட்டியோ பிள்ளை?" என்பார்.
அதுதான் தாங்காது.

ஆனால் களவெடுக்கிறவருக்கும் அவசரம்.
அப்பா பேரில் இருந்ததெல்லாம் எழுதி எடுத்தவர்
கிணற்றை மறந்துபோனார்.
அது அம்மாவின் சீதன உறுதியில்:
"தென்மேல் மூலைக் கிணற்றில் எட்டில் ஒரு பங்கும்
போய்வரும் வழியும் வாய்க்காலும்."
தாயின் சீதனம் பெட்டைக்கு. தேசவழமை.

ஆகவே எட்டு நாளுக்கு ஒருக்கால்
அந்தப் புதுத் தகரப் படலையைத் தட்டுகிறேன்.
மருமகள் திறக்கிறாள், போனில் கதைத்தபடி.
வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே நடந்து
கயிறு போட்டு அள்ளுகிறேன்.
மோட்டர் பூட்ட விடமாட்டினம். விடவேண்டாம்.

பாய்ச்ச எனக்கு ஒரு சாண் நிலமில்லை.
வாளியை வாய்க்காலில் கவிழ்க்கிறேன்.
தண்ணீர் தன்பாட்டுக்கு
பழைய சரிவு பார்த்து ஓடி
சின்னையாவின் பயிருக்குள் இறங்குகிறது.

இறங்கட்டும்.
வீட்டுக்கு வந்து கொப்பியை விரித்து
திகதி போடுகிறேன், நேரம் போடுகிறேன்,
வாளிக் கணக்குப் போடுகிறேன்.

நேற்று நாற்பத்தொன்று.