மட்டம் பார்த்தல்

தம்ளரில் பாதித் தண்ணீர்.
அதை வண்டித் தரையில் வைத்துவிட்டுக்
குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொள்வார் செல்லப்பாண்டி.
தண்ணீர் சாய்கிற பக்கம் தலை வைத்தால்
தூக்கம் வராதாம்.

முதல் இடம் பூம்பாறைக்கு மேலே.
படிப்படியாய்ப் பூண்டு வயல்,
கீழே நெருக்கியடித்துக்கொண்டு கூரைகள்,
இப்படியொரு ஜன்னல் வேண்டுமென்றுதானே
கடன் வாங்கினோம்.
தம்ளர் வேண்டாம் என்றது.

கூக்கால் ஏரிக் கரையில் மட்டம் சரி.
"ராத்திரி தங்க ரேஞ்சர் கையெழுத்து வேணும்,
ரேஞ்சர் கல்யாணத்துக்குப் போயிருக்கார்."
எங்களைவிட வாட்சருக்குத்தான் வருத்தம்.

பைன் மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி.
நான் இறங்கி நடந்து பார்த்தேன்.
சாணம், பெரியது, இன்னும் பச்சை.
காட்டுமாடு, என்றேன்.
நம்மை என்ன செய்யப்போகிறது, என்றார்.
இறங்கி அதையே கேளுங்கள், என்றேன்.

அடுத்த இடத்தில் சிக்னல் இல்லை.
அதற்கடுத்ததில் இருந்தது,
கூடவே திருப்பூர்ப் பையன்கள் ஒன்பது பேரும்
ஆளுயர ஸ்பீக்கரும்.

வண்டியைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன்.
வத்தலக்குண்டு ஏலத்தில் எடுத்தது.
பதினோரு வருடம் ஆம்புலன்ஸாக ஓடியது.
ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் இப்போது கட்டில்,
குளுக்கோஸ் பாட்டில் கொக்கியில் வெங்காயக் கூடை.
முகப்பில் இடவலம் மாறி எழுதியிருந்த பெயரை
இரண்டு கோட் வெள்ளை அடித்து மறைத்தோம்.
வெயிலில் மறைந்துதான் இருக்கும்.
பனியில் எதிர் வெளிச்சம் பட்டால்
தழும்பு மாதிரி எழுந்து நிற்கும்.

கவுஞ்சிக்கு முன்னாலேயே இருட்டிவிட்டது.
உருளைக்கிழங்கு குடோனை ஒட்டி ஒரு துண்டு நிலம்.
தண்ணீர் அசையாமல் நின்றது.
கோர்ட்டில் ஜெயித்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.
இரண்டு நாற்காலி போட்டோம்.
உப்புமாவுக்குக் கடுகு வெடித்துக்கொண்டிருந்தபோது
ஒரு டார்ச் வெளிச்சம் மேட்டிலிருந்து ஓடி வந்தது.

"போன் போட்டு அரை மணிதான் ஆச்சு,
அதுக்குள்ள வந்துட்டீங்களே!"
வேலப்பன். பெயர் பிறகுதான் தெரிந்தது.
வயலுக்குக் காவல் போன அக்காவை
மாடு முட்டிவிட்டது, தொடையில்.
"இல்லைங்க, இது வந்து" என்று ஆரம்பித்தார் இவர்.
நான் அடுப்பை அணைத்துக் கீழே இறக்கினேன்.

மன்னவனூர்வரை எத்தனை வளைவு என்று
பகலில் எண்ணியிருக்கவில்லை.
எங்கள் கட்டிலில் அவள், எங்கள் போர்வையில் ரத்தம்,
தலைக்கு மேல் வெங்காயக் கூடை
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடியது.
தண்ணி, என்றாள்.
கொடுக்கலாமா கூடாதா, எனக்குத் தெரியாது.
தம்ளரில் விரலை நனைத்து உதட்டில் தடவினேன்.
திரும்பவும் தண்ணி, என்றாள்.
திரும்பவும் விரல்.
"சைரன் போடுங்க சார்," என்றான் வேலப்பன்.
சைரனைக் கழற்றி எடைக்குப் போட்டிருந்தோம்.
செல்லப்பாண்டி ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் வண்டியைச் சுற்றிப் பார்த்து,
"இது எந்த ஊர் வண்டி?" என்றாள்,
பதிலுக்குக் காத்திராமல் துணியைக் கிழித்தாள்.
நிஜ வண்டி பத்தரைக்கு வந்து
அவளைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனது.
போகும்போது வேலப்பன் ஆயிரம் ரூபாயை நீட்டினான்.
வாங்காததற்குக் கோபித்துக்கொண்டான்.

முற்றத்திலேயே படுத்தோம்.
சிமென்ட் தரை, குழாய், கக்கூஸ், டியூப் லைட்,
நான்கு கோடு சிக்னல்.
நாங்கள் தேடி அலைந்தது அத்தனையும்.
டியூப் லைட் மினுக்கிக்கொண்டே இருந்தது.
அவள் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம் என்று
இரண்டு மணிக்கு அவர் சொன்னார்.
நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் சாமான் எடுக்கத் திரும்பிப் போனோம்.
அடுப்பு இருந்தது. சட்டி கவிழ்ந்திருந்தது.
நாற்காலிகள் இரண்டும் போட்டபடியே.
நடுவே சாணம், பெரியது,
இன்னும் ஆவி விட்டுக்கொண்டு.

செல்லப்பாண்டி கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு குனிந்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.